ஆலை வாயிலில் நின்ற கமரா

1895ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் நாள் பாரிஸ் நகரில் தேசியக் கைத்தொழில் ஊக்குவிப்புச் சங்கத்தின் கூட்டமொன்று நடைபெற்றது. ஒளிப்படக் கைத்தொழில் பற்றி உரையாற்ற வந்திருந்த லூயி லுமியேர் என்ற இளைஞர், தமது உரையுடன் ஒரு நிமிடத்திற்கும் குறைவான ஒரு காட்சியையும் திரையில் ஓட்டிக் காட்டினார். தொழிற்சாலை ஒன்றின் கதவு திறக்கிறது. நீண்ட பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண்கள் கூட்டமாக வெளியே வருகின்றனர். அவர்களைத் தொடர்ந்து ஆண்கள் வருகின்றனர். இடையே துவிச்சக்கரவண்டி ஒன்று செல்கிறது. நாய் ஒன்று ஓடுகிறது. பின்னர் காட்சி முடிந்துவிடுகிறது.

அதில் அரசர் இல்லை, போர் இல்லை, கதையும் இல்லை. வேலை முடிந்து வீடு செல்லும் சாதாரண மக்களே இருந்தனர். சலனப்படக் கலை உலகிற்குத் தன்னை அறிமுகஞ் செய்துகொண்டபோது உழைப்பாளரின் முகங்களையே முன்னே கொண்டுவந்தது என்பது நாம் நின்று நோக்க வேண்டிய செய்தியாகும். நட்சத்திர நடிகர்களும் பிரமாண்டமான காட்சியமைப்புகளுமே திரைப்படம் என்று எண்ணப் பழகிவிட்ட நமக்கு, பேசாப் படக் காலத்தின் முதற் பதினைந்து ஆண்டுகள் வேறொரு கதையைச் சொல்கின்றன. அந்தக் கதையை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

வெளியே சென்ற பெட்டி

லுமியேர் குடும்பத்தினர் பிரான்சின் லியோன் நகரில், மொன்பிளேசிர் என்னும் பகுதியில் ஒளிப்படத் தகடுகள் செய்யும் தொழிற்சாலையை நடத்தி வந்தனர். தந்தை அந்துவான் ஒளிப்படக் கலைஞர். மூத்த மகன் ஒகுஸ்த், இளைய மகன் லூயி. சகோதரர் இருவரும் 1895 பெப்ரவரி 13ஆம் நாள் தமது கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். 'சினிமாட்டோகிராப்' எனப் பெயரிடப்பட்ட அக்கருவியின் பெயரிலிருந்தே இன்று நாம் வழங்கும் 'சினிமா' என்ற சொல் பிறந்தது.

அசையும் படங்களை அவர்களுக்கு முன்னரே எடுத்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் தோமஸ் எடிசனின் தொழிற்கூடம் அத்தகைய படங்களைத் தயாரித்து வந்தது. ஆயினும் எடிசனின் படக்கருவி பெரும் பாரங் கொண்டது, மின்சாரத்தால் இயங்கியது. அதனை எளிதிற் பெயர்க்க முடியாமையால் கறுப்பு நிறக் கூடமொன்றைக் கட்டி அதற்குள் வைத்திருந்தனர். குத்துச்சண்டை வீரரும் நடனக்காரரும் அங்கு சென்று கருவியின் முன் தமது வித்தைகளைச் செய்தனர். முடிந்த படத்தையும் ஒருவர் மட்டுமே பெட்டித் துவாரத்தினூடாகக் குனிந்து பார்க்க முடிந்தது.

லுமியேர் கருவியோ ஒருவர் கையிற் தூக்கிச் செல்லக்கூடிய சிறு மரப்பெட்டி. கைப்பிடியைச் சுழற்றினால் போதும், மின்சாரம் வேண்டியதில்லை. படம் எடுப்பதும், பிரதி எடுப்பதும், திரையிற் காட்டுவதும் ஆகிய மூன்று வேலைகளையும் அந்த ஒரே பெட்டி செய்தது. செக்கனுக்கு ஏறத்தாழ 16 படங்கள் வீதம், 17 மீற்றர் நீளமான சுருள் சுமார் 50 செக்கன்களில் ஓடி முடிந்தது. எடிசனிடம் மனிதர் கருவியைத் தேடிச் சென்றனர். லுமியேரிடமோ கருவி மனிதரைத் தேடிச் சென்றது. தெருவும், புகையிரத நிலையமும், கொல்லன் பட்டறையும், கடற்கரையும் படத்துள் வந்தமைக்கு இதுவே காரணமாகும்.

அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசின் கப்புசீன் பெருந்தெருவில் இருந்த 'கிராண்ட் கபே'யின் நிலக்கீழ் அறையில் கட்டணக் காட்சி நடைபெற்றது. நுழைவுக் கட்டணம் 1 பிராங். வந்தவர் 33 பேர். காட்டப்பட்ட படங்கள் 10. அவற்றுள் ஒன்றில் ஒகுஸ்த் தம்பதியர் தமது கைக்குழந்தை ஆந்திரேக்கு உணவூட்டுகின்றனர். அக்காலத்தில் அப்படத்தைக் கண்டவர்கள் குழந்தையைக் காட்டிலும் அதன் பின்னால் காற்றில் அசைந்த மரத்தின் இலைகளையே கண்டு வியந்தனர் என்று கூறப்படுகின்றது. நாடக மேடையில் திரைச்சீலையில் தீட்டிய மரங்களையே பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். எவரும் திட்டமிடாத, எவரும் கவனியாத ஒன்று தானாகவே பதிவாகிவிட்டது என்பதே அவர்களைக் கவர்ந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து இளம் பெண்ணாகி 1918இல் இன்புளுவென்சாக் கொள்ளைநோயில் உயிரிழந்தது. படத்திலோ அது இன்றும் உணவுண்டு கொண்டிருக்கின்றது.

முதலாளியின் கண்

எனினும் நாம் இப்படங்களை வெறும் வியப்போடு மட்டும் பார்த்துவிடலாகாது. ஆலை வாயிலிற் கமராவை நிறுத்தியவர் யார்? ஆலையின் உரிமையாளர். படத்தில் வருவோர் யார்? அவரிடம் ஊதியம் பெறுவோர். அக்காட்சி ஒரே தடவையில் தற்செயலாக எடுக்கப்பட்டதும் அன்று. மூன்று வெவ்வேறு படங்கள் இன்று உள்ளன. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டியும், மற்றொன்றில் இரட்டைக் குதிரை வண்டியும் வருகின்றன. இன்னொன்றிற் குதிரையே இல்லை. அவற்றுள் மிகப் பெயர்பெற்ற படத்தில் தொழிலாளர் அணிந்திருப்பது வேலைநாள் உடையன்று, ஞாயிற்றுக்கிழமைக்குரிய நல்லுடை என்பதை ஆய்வாளர்கள் சுட்டிக் காட்டியுள்ளனர். கதவு திறந்ததும் அவர்கள் இருபுறமும் ஒழுங்காகப் பிரிந்து செல்கின்றனர். கமராவை உற்று நோக்கி நிற்பவர் அரிது. அன்றாட வாழ்வைப் பதிந்த முதற் படங்களிலேயே 'இப்படி நட' என்ற கட்டளையும் கலந்திருந்தது என்பது தெளிவு.

இந்தக் கண் கடல் கடந்தபோது அதன் தன்மை இன்னும் வெளிப்படையாயிற்று. லுமியேர் நிறுவனம் பயிற்சி பெற்ற படப்பிடிப்பாளர்களை உலகின் பல பாகங்களுக்கும் அனுப்பியது. அலெக்சாந்தர் புரோமியோ 1896இல் வெனிஸ் நகரிற் படகொன்றில் கமராவை வைத்து, நகரும் காட்சியைப் படமாக்கினார். 1897இல் அவர் ஜெருசலேம் புகையிரத நிலையத்தில், புறப்படும் வண்டியிலிருந்து மேடையில் நின்றோரைப் பதிந்தார். பலவகை உடையணிந்த மக்கள் வண்டியை நோக்கி விடைகொடுத்தபடி பின்னே மறைகின்றனர். பாலஸ்தீனத்தில் அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை அறிந்த நமக்கு, அச்சில செக்கன்கள் ஒரு முழு உலகத்தின் விடைபெறுதலாகவே தோன்றுகின்றன.

கபிரியேல் வேய்ர் என்பவர் மெக்சிக்கோ, ஜப்பான் ஆகிய நாடுகளிற் படமெடுத்த பின், அன்று பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த இந்தோசீனாவிற்குச் சென்றார். அங்கு எடுக்கப்பட்ட ஒரு படத்தில் வெண்ணிற உடையணிந்த இரு பிரெஞ்சுப் பெண்கள் சில்லறைக் காசுகளை அள்ளி வீசுகின்றனர். வியட்நாமியச் சிறுவர்கள் தரையில் விழுந்து புரண்டு அவற்றைப் பொறுக்குகின்றனர். பெண்கள் சிரிக்கின்றனர். அதே வேய்ர் 1900இல் நாமோ என்ற கிராமத்தில், ஆட்கள் சுமந்து சென்ற நாற்காலியில் அமர்ந்தவாறு மற்றொரு படத்தை எடுத்தார். கிராமத்துச் சிறுவர்கள் சிரித்தபடி கமராவைத் துரத்தி ஓடி வருகின்றனர். முதற் படத்தில் அவர்கள் காட்சிப் பொருள்கள். இரண்டாவதில் அவர்கள் குழந்தைகள். ஒரே நாடு, ஒரே கருவி, ஒரே மனிதர். ஆயினும் பார்வை மாறும்போது பதிவும் மாறிவிடுகின்றது. லுமியேர் நிறுவனம் எடுத்த படங்கள் சுமார் 1,400. அவை 2005இல் யுனெஸ்கோவின் 'உலக நினைவு'ப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. அப்பதிவேட்டில் அந்தச் சிரிப்பும், சிதறிய காசுகளும் உள்ளடங்குகின்றன.

பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும்

ஆங்கிலக் கால்வாயின் மறுகரையில் இக்கலை வேறொரு வழியிற் சென்றது. வட இங்கிலாந்தின் லங்காசயர் பகுதியில் உள்ள பிளாக்பேர்ண் நகரம் நெசவாலைகளுக்குப் பெயர்போனது. அந்நகரைச் சேர்ந்த சாகர் மிச்செல், ஜேம்ஸ் கென்யன் என்ற இருவர் 1897இற் கூட்டாகத் திரைப்படத் தொழிலைத் தொடங்கினர். அவர்களுக்குப் படம் எடுக்கும்படி பணம் கொடுத்தோரிற் பலர் ஊரூராகச் சென்ற களியாட்டக் காட்சியாளர்கள்.

அவர்களது வணிக முறை எளிமையானது. ஆலை விடும் நேரத்திற் கமராவைக் கொண்டுபோய் வாயிலுக்கு எதிரே நிறுத்துவர். வெளியே வரும் ஆயிரக்கணக்கானோரின் முகங்களைப் பதிவர். பின்னர் அதனை அவ்வூர்க் களியாட்டக் கூடாரத்திலோ மண்டபத்திலோ காட்டுவர். சில வேளைகளில் அன்றிரவே காட்டப்படும். 'உங்களை நீங்களே வந்து பாருங்கள்' என்பதுதான் அழைப்பு. எத்தனை முகங்கள் படத்தில் உள்ளனவோ அத்தனை நுழைவுச்சீட்டுகள் விற்பனையாகும். எனவே கமரா எவரையும் ஒதுக்கவில்லை. நியூகாசிலில் ஆம்ஸ்ட்ரோங் பிரபுவின் எல்ஸ்விக் ஆயுத ஆலைத் தொழிலாளர், லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர், ரொதர்ஹாம் இரும்பாலைத் தொழிலாளர் எனப் பலதரப்பட்ட உழைப்பாளரும் இவ்வாறு பதிவாயினர்.

லியோன் தொழிலாளர் கமராவைக் காணாதவர் போல நடந்தனர். லங்காசயர்த் தொழிலாளரோ அதை நேருக்கு நேர் நோக்கினர். சிலர் தொப்பியைக் கழற்றி அசைத்தனர். சிலர் கேலி செய்தனர். சிறுவர்கள் ஒருமுறை கடந்து சென்றபின் சுற்றிவந்து மீண்டும் தோன்றினர். சிலர் வெட்கத்தால் முகத்தை மறைத்தனர். ஏனெனில் அப்படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் தாமே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். முதலாளிக்காக நடப்பதற்கும் தனக்காகவும் தன் அயலவர்க்காகவும் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு அது. இலாப நோக்கில் எடுக்கப்பட்ட படங்களே அன்றைய உழைப்பாளருக்குத் தமது முகத்தைத் தாமே திரையிற் காணும் வாய்ப்பை அளித்தன என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்றாகும்.

இதே நிறுவனம் பொய்ப் படங்களையும் எடுத்தது என்பதைக் கூறாது விடுவது நேர்மையன்று. தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் நடைபெற்றபோது, பிளாக்பேர்ணைச் சூழ்ந்த நாட்டுப்புறங்களில் ஆட்களுக்குச் சீருடை அணிவித்துப் போர்க் காட்சிகளை நடிக்கச் செய்து படமாக்கினர். போர் பற்றிய படங்களை எச்சரிக்கையோடு நோக்கவேண்டும் என்ற பாடம் சலனப்படத்தின் வயதளவு பழமையானது.

படங்கள் சொல்லும் சாட்சி

இனி அப்படங்களில் நாம் காண்பவை எவை எனப் பார்ப்போம். ஏறத்தாழ எல்லாரும் தலையில் ஏதோ ஒன்றை அணிந்துள்ளனர். ஆண்களுக்குத் தொப்பி, நெசவாலைப் பெண்களுக்குத் தலையை மூடிய சால்வை, காலில் மரத்தால் அடிப்பாகம் செய்த பாதணி. தெருவிற் குதிரை வண்டிகளும் மின்சார ட்ராம் வண்டிகளும் அருகருகே செல்கின்றன.

கூட்டத்தின் நடுவே சிறுவர் சிறுமியர் மிகுதியாக உள்ளனர். அவர்களுட் பலர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். ஆலையில் வேலை செய்தவர்கள். 1901ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே வேலைக்கான மிகக் குறைந்த வயதை 12 ஆக உயர்த்தியது. அவ்வயதுப் பிள்ளைகள் நாளின் ஒரு பாதியை ஆலையிலும் மறு பாதியைப் பாடசாலையிலும் கழித்தனர். 'அரை நேரத்தினர்' எனப்பட்ட இம்முறையை நீக்குவதற்கு 1918ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் வரவேண்டியிருந்தது. சட்டநூலில் நாம் படிக்கும் வயதுக் கணக்கு, படத்தில் ஒரு மெலிந்த சிறுமியின் முகமாக நம்மை நிமிர்ந்து நோக்குகின்றது.

அவர்களது உழைப்பிற்கும் நமது பிராந்தியத்திற்கும் தொடர்பு இல்லாமலில்லை. பிளாக்பேர்ண் ஆலைகள் நெய்த துணியிற் பெரும்பங்கு இந்தியச் சந்தைக்கான வேட்டித் துணியாகும். இந்தியாவின் கைத்தறி நெசவாளரை நலிவுறச் செய்த அந்த வணிகத்தின் மறுமுனையில் நின்றவர்களும் வறியவர்களே என்பதை இப்படங்கள் காட்டுகின்றன. 1931இற் காந்தியடிகள் லங்காசயருக்குச் சென்றபோது, அந்நியத் துணிப் பகிஷ்கரிப்பாற் பாதிப்புற்றிருந்த அவ்வாலைத் தொழிலாளர் அவரை அன்போடு வரவேற்றனர்.

இன்னொன்றையும் நினையாமல் இருக்க முடியாது. படத்திற் குதித்து விளையாடும் சிறுவர்கள் 1914இல் இளைஞராகியிருந்தனர். பிளாக்பேர்ணுக்கு அண்மையில் உள்ள அக்றிங்டன் நகரின் பெயரால் ஒரே ஊரவர், உறவினர், நண்பர் சேர்ந்து அமைத்த படைப்பிரிவு 1916 ஜூலை 1ஆம் நாள் சொம் போர்முனையில் முன்னேறியது. சுமார் 700 பேரில் 584 பேர் அரைமணி நேரத்தளவில் கொல்லப்பட்டோ, காயமுற்றோ, காணாமற் போயோ இருந்தனர். ஒரே தெருவில் வீடு வீடாக இழவு விழுந்தது. அத்தலைமுறையின் சிரிப்பு எஞ்சியிருப்பது இத்தகைய சுருள்களிலேதான்.

நிலவறைப் பீப்பாய்கள்

இப்படங்கள் நம் காலம்வரை வந்தமையும் ஒரு தற்செயலே. 1994இற் பிளாக்பேர்ணின் நோர்த்கேட் வீதியில், முன்னர் மிச்செலின் கடை இருந்த கட்டடத்தைத் திருத்த வந்த தொழிலாளர் நிலவறையில் மூன்று உலோகப் பீப்பாய்களைக் கண்டனர். அவற்றுள் ஏறத்தாழ 800 படச்சுருள்கள் இருந்தன. குப்பைக்குப் போயிருக்க வேண்டியவை அவை. பயனுள்ளவையோ என ஐயுற்ற தொழிலாளர் விசாரித்தபடியால், அவை அந்நகரின் திரைப்பட வரலாற்றை நன்கறிந்த ஆர்வலர் ஒருவரின் கைக்குச் சென்றன. எளிதிற் தீப்பற்றக்கூடிய, காலப்போக்கிற் சிதைந்து தூளாகும் நைத்திரேற்றுச் சுருள்கள் அவை என்பதை அறிந்த அவர், குளிரூட்டும் பெட்டியில் வைத்துக் காத்தார். 2000ஆம் ஆண்டில் அவை பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன. ஷெபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைப் பெயர்ப்பலகை, ஊர்வலப் பதாகை, பழைய பத்திரிகை விளம்பரம் என்பவற்றைக் கொண்டு இடமும் நாளும் கண்டறிந்தனர். சுமார் 28 மணிநேரம் ஓடக்கூடிய அத்தொகுதி 2005இற் பீபீசீ தொலைக்காட்சித் தொடராக வெளிவந்தது. தமது பாட்டனாரையும் பாட்டியாரையும் திரையில் அடையாளங் கண்டோரும் உண்டு.

இவ்வாறு தப்பியவை சில. அழிந்தவையே பல. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டில் வெளியான முழுநீளப் பேசாப் படங்களில் 14 வீதமானவையே முதலில் வெளியான வடிவில் எஞ்சியுள்ளன. புகழ்பெற்ற நடிகர் நடித்த படங்களுக்கே இக்கதியெனின், பெயரற்ற மக்களைக் காட்டிய சிறு சுருள்களின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

இந்த ஆபத்தை அன்றே உணர்ந்த ஒருவரும் இருந்தார். போலந்து நாட்டவரான பொலெஸ்லாஸ் மத்துசெவ்ஸ்கி என்ற படப்பிடிப்பாளர் 1898இற் பாரிசிற் சிறு பிரசுரமொன்றை வெளியிட்டார். சலனப்படம் வரலாற்றின் புதிய மூலாதாரம் என்றும், நூல்களுக்கு நூலகம் இருப்பதுபோற் படங்களுக்கும் பொதுக் காப்பகம் வேண்டும் என்றும் அவர் அதில் வாதிட்டார். சினிமா பிறந்து மூன்றாண்டுகூட நிறையாத வேளையில் எழுந்த குரல் அது. பெரிய அளவிலான திரைப்படக் காப்பகங்கள் 1930களிலேதான் தோன்றின. இடைப்பட்ட காலத்தில் இழந்தவற்றை மீட்க எவராலும் முடியாது.

நமக்குரிய பாடம்

காப்பகம் எரிந்தால் என்னாகும் என்பதை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 1981இல் யாழ் பொது நூலகத்துடன் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் தீக்கிரையாயின. 1990களிற் கிராமங்கள் உயர் பாதுகாப்பு வலயங்களாகி வேலியடைக்கப்பட்டன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்தது. விட்டு வந்த வீடுகளிற் குடும்ப ஒளிப்படங்களும் கிடந்தன.

ஆனால் நம்மிடம் எதுவுமே எஞ்சவில்லை என்று கூறுவதும் சரியன்று. 1980களிலும் 1990களிலும் ஊரிலிருந்து வந்த கலியாண வீடியோ, சாமத்தியவீட்டு வீடியோ, கோயிற் தேர்த்திருவிழா வீடியோ என்பன புலம்பெயர்ந்த வீடுகளின் அலுமாரிகளில் இன்றும் உள்ளன. மணமக்களைப் பார்ப்பதற்காக அவற்றை அன்று ஓட்டினோம். இன்று மீண்டும் ஓட்டினால் நம் கண் மணமக்களுக்குப் பின்னாற் செல்லும். பந்தலுக்கு அப்பால் தெரியும் கிணறும், கிடுகு வேலியும், அயல் வீட்டுத் திண்ணையிற் குந்தியிருக்கும் முதியவரும், பந்தியிற் பரிமாறும் இளைஞரும் அங்கே உள்ளனர். அந்த வீடு இன்று இல்லாதிருக்கலாம். அந்த இளைஞர் உயிருடன் இல்லாதிருக்கலாம். குழந்தை ஆந்திரேயின் பின்னால் அசைந்த இலைகளைப் போல, எவரும் எடுக்க நினையாமலே எடுக்கப்பட்டவை அவை. அவற்றுக்கு வேறு பிரதி எங்குமில்லை.

காந்த நாடாவும் நைத்திரேற்றைப் போல அழியும் பொருளே. அதனை ஓட்டும் இயந்திரங்களின் உற்பத்தியும் 2016இல் நின்றுவிட்டது. ஆதலால் நாடாக்களை இலக்கமுறைக்கு மாற்றிப் பிரதிகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைப்பது அவசியம். அதனினும் அவசியமானது, ஊரும் ஆண்டும், படத்தில் வருவோரின் பெயர்களும் முறைகளும் எழுதப்படுவது. பிளாக்பேர்ண் ஆய்வாளருக்குக் கடைப் பலகைகளாவது துணைநின்றன. நமது ஊர்களிற் பல கட்டடங்கள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. முகங்களை அறிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக நம்மைவிட்டுப் போகின்றனர். அவர்களை அருகிருத்தி, படத்தை ஓட்டி, 'இது ஆர்?' என்று கேட்டு எழுதிக்கொள்வதற்குப் பெரும் நிறுவனமோ நிதியோ வேண்டியதில்லை. ஒரு மாலைப் பொழுதும் ஒரு கொப்பியும் போதும்.